படம் வரைவதும் எழுத்துதானா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. கதை எழுதச் சொன்னால் பக்கம் முழுக்கப் படம் வரைந்துவிட்டு அடியில் ஒன்றரை வரி எழுதுகிறாள். அதே கதையை வாயால் சொல்லச் சொன்னால் கால் மணி நேரம் சொல்கிறாள். வகுப்பு ஆசிரியர், "படம் போட்டே நேரத்தை ஓட்டுகிறாள், எழுத வையுங்கள்" என்கிறார். வேறொருவர் "அது மல்டிமோடல் லிட்ரசி, கவலைப்படாதீர்கள்" என்றாராம். இது உண்மையிலேயே ஒரு விஷயமா, எழுதாமல் தப்பிக்க வைத்த புதுப் பெயரா என்பது கேள்வி.

உண்மையிலேயே விஷயம்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி நம் பள்ளிகளில் நடப்பதில் பாதி வெறும் அலங்காரம். எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு ஆட்டுக் கதை. நான் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆண்டு, பெருமழைக்குப் பிறகு பள்ளி திறந்த நாள். "மழையில என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க" என்றேன். ஒரு பிள்ளை தாள் முழுக்க நீலத்தைத் தீட்டினாள். மேலே ஓட்டு வீடு. திண்ணையில் ஏழு ஆடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கால், எண்ணி எண்ணிப் போட்டிருந்தாள். தாளின் ஓரத்தில் தனியாக எட்டாவது ஆடு. அதற்குக் காலே இல்லை. அடியில் "ஆடு காணம்" என்று இரண்டே சொல்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து "காணோம்" என்று திருத்தினேன். கால் போட மறந்துவிட்டாய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ அது கேள்வியாக வந்துவிட்டது: "இந்த ஆட்டுக்கு மட்டும் ஏன் கால் இல்ல?"

"அது தண்ணிக்குள்ள நிக்குது டீச்சர். கால் எப்படித் தெரியும்?"

இருபத்தெட்டுக் கால்களைக் கவனமாக வரைந்தவள் நான்கு கால்களைக் கவனமாக விட்டிருக்கிறாள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை அந்த இல்லாத கால்கள் சொல்கின்றன. மந்தையை விட்டுப் பிரிந்தது என்பதைத் தாளின் ஓரம் சொல்கிறது. அப்படியானால் அந்த இரண்டு சொல் எதற்கு? யோசித்துப் பாருங்கள், ஒரு ஆடு காணாமல் போனதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? வரைந்தால் ஆடு இருக்கிறது. வரையாவிட்டால் எட்டாவது ஆடு ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. 'இல்லை' என்பதைப் படத்தால் சொல்ல முடியாது, மொழியால்தான் முடியும். படம் செய்ய முடியாத ஒரே வேலையைத்தான் அவள் சொல்லிடம் கொடுத்திருந்தாள். ஏழு வயதில். நானோ அதில் ஒரு எழுத்துப் பிழையை மட்டும் கண்டுபிடித்தேன்.

மல்டிமோடல் என்ற பெரிய சொல்லின் பொருள் இவ்வளவுதான். சொல், படம், ஒலி, சைகை, தாளில் எது எங்கே நிற்கிறது என்ற இடம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வழி. ஒவ்வொரு வழிக்கும் கைவந்த வேலை ஒன்றுண்டு, கைக்கு எட்டாத வேலையும் உண்டு. எதை எந்த வழியில் சொல்வது என்று முடிவு செய்கிறவர்தான் ஆசிரியர். பள்ளி ஆசிரியரைச் சொல்லவில்லை, நூலாசிரியரைச் சொல்கிறேன். இதைப் 'பல்லூடகம்' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் நான்கு கிரேயானும் போதும்.

இந்தச் சிந்தனைக்குக் கல்வி உலகில் பெயர் வாங்கித் தந்தவர்கள் பத்துப் பேர். 1994-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூரில் கூடினார்கள். அதனால் நியூ லண்டன் குழு என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1996-இல் ஹார்வர்டு எஜுகேஷனல் ரிவியூவில் வந்த அவர்களுடைய கட்டுரை, எழுத்தறிவு என்பதை ஒருமையில் பேசுவது இனி போதாது என்றது. அவர்களுக்குப் பிடித்த சொல் 'டிசைன்'. பொருளைச் சொல்லக் கையில் ஏற்கெனவே இருக்கும் வழிகளை எடுத்து, மாற்றிச் சேர்த்து, புதிதாக ஒன்றைச் செய்வதே எழுதுவது என்பார்கள். கட்டுரை படிக்கக் கடினமானது. தூக்கம் வராத இரவுக்கு நல்லது.

அந்தப் பத்துப் பேரில் குந்தர் கிரெஸ் என்பவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி மட்டும் எனக்கு எப்போதும் நினைவிருக்கும். மூன்று வயது மகன் அவர் மடியில் உட்கார்ந்து ஏழு வட்டம் போட்டுவிட்டு "இது கார்" என்றான். பார்க்கிறவருக்கு வெறும் வட்டங்கள். கிரெஸ் அதை இப்படி எடுத்துக்கொண்டார்: மூன்று வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் காரில் எது தெரியும்? சக்கரம். சக்கரத்துக்கு எது பொருத்தமான குறி? வட்டம். அவன் கிறுக்கவில்லை, தனக்கு முக்கியமானதைத் தேர்ந்து அதற்கு ஏற்ற குறியையும் தேர்ந்திருக்கிறான்.

நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். தமிழில் 'எழுது' என்ற சொல்லே இரண்டு வேலையையும் செய்தது. ஓவியம் எழுதினார்கள், தோளில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்று குறள் சொல்வது மை தீட்டும் கோலைத்தான், எழுத்தாணியை அல்ல. தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று எண்ணும்போது பெரும்பாலும் ஒலியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். ஆக எழுத்துக்குள் கோடும் இருந்தது, ஒலியும் இருந்தது. பள்ளிக்கூடம் வந்துதான் படத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை என்று ஒதுக்கிவிட்டது.

சரி, ஆட்டுக்காரப் பிள்ளையிடம் திரும்புகிறேன். அடுத்த நாள் இன்னொரு தாள் கொடுத்து, "ஆடு போனப்ப என்ன சத்தம் கேட்டுச்சு?" என்றேன். "மேஏஏஏ" என்று தாளின் குறுக்கே எழுதினாள். 'மே' உள்ளங்கை அளவு. அடுத்த 'ஏ' அதில் பாதி. அப்படியே சிறுத்துச் சிறுத்துக் கடைசி 'ஏ' கடுகளவாகத் தாள் விளிம்பில் போய் நின்றது. ஆடு தூரமாகப் போகிறது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத்தின் அளவே அதைச் சொல்லிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். நெடில் மேலும் நீண்டு ஒலிக்கும்போது பக்கத்தில் ஓர் உயிரெழுத்தைப் போட்டுக் காட்டுவது அளபெடை. இலக்கணப்படி 'மே'-க்குப் பக்கத்தில் குறில் 'எ' வர வேண்டும், அவள் நெடிலைப் போட்டாள். ஆனால் அந்தத் தேவையை அவளாகவே கண்டுபிடித்து, அதற்கு அவளாகவே ஒரு வழியும் செய்திருக்கிறாள். பத்தாம் வகுப்பில் அளபெடையை மனப்பாடம் செய்யும்போது யாராவது இதை அவளுக்கு நினைவூட்டினால் நன்றாக இருக்கும்.

இப்போது உங்கள் மகளின் ஒன்றரை வரிக்கு வருவோம். வாயால் கால் மணி நேரம் சொல்கிறவள் ஏன் கையால் ஒன்றரை வரியோடு நிற்கிறாள்? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம்.

ஒன்று, கை வேலை. நம் எழுத்தில் ஓர் இக்கட்டு உண்டு. 'கே' என்று சொல்லும்போது முதலில் 'க்' ஒலி, பிறகு 'ஏ' ஒலி. தாளில் இரட்டைக்கொம்பு அல்லவா முன்னால் வந்து நிற்கிறது! 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க. காதில் விழும் வரிசையில் எழுதுகிற பிள்ளை க-வைப் போட்டுவிட்டுத் திணறும். கதை மனத்தில் ஓடிக்கொண்டிருக்க, கை கொம்பு தேடிக்கொண்டிருக்கிறது. கதை கைக்காகக் காத்திருக்காது.

இரண்டாவது காரணத்தை நாம் ஒத்துக்கொள்வதே இல்லை. அவள் பேசுகிற தமிழும் எழுதச் சொல்கிற தமிழும் வேறு. "தண்ணி வந்துருச்சு, அம்மா கத்துச்சு" என்று மனத்தில் ஓடுவதைத் "தண்ணீர் வந்துவிட்டது, அம்மா கத்தினார்" என்று மாற்றித்தான் தாளில் போடலாம் என்றால், ஏழு வயதில் அது மொழிபெயர்ப்பு வேலை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மாற்றத் தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். "நான் பள்ளிக்குச் சென்றேன். மழை பெய்தது." பிழையே இருக்காது, கதையும் இருக்காது.

இங்கேதான் படம் கைகொடுக்கிறது. படம் வரைந்தால் அதில் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் பேசுவார்கள், பேச்சுக்கு ஒரு பலூன் போடலாம். பலூனுக்குள் "ஏய், ஆடு எங்கடி?" என்று பேச்சுத் தமிழ் தாராளமாக வரலாம். படத்துக்குக் கீழே கதை சொல்கிற வரி மட்டும் எழுத்துத் தமிழில். கதை எழுதும் பெரியவர்களும் உரையாடலைப் பேச்சிலும் விவரிப்பை எழுத்திலும் வைப்பது நம் பத்திரிகைகளில் பழைய வழக்கம்தானே? ஒரே தாளில் இரண்டு தமிழுக்கும் தனித்தனி இடம் கிடைத்ததும் என் வகுப்பில் 'காணம்' தானாகவே பலூனுக்குள் போய்விட்டது. கீழ் வரியில் 'காணோம்' வந்தது. நான் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

படத்திலிருந்துதான் எழுத்து முளைக்கிறது என்பது பழைய பேச்சு. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி சைகை, விளையாட்டு, படம் என்று வந்துதான் பிள்ளை எழுத்துக்குப் போய்ச் சேர்கிறது என்றார். பொருள்களை மட்டுமல்ல, பேச்சையும் வரையலாம் என்று பிள்ளை கண்டுகொள்ளும் இடம்தான் திருப்பம் என்பது அவர் கருத்து. அவர் பிறந்தது 1896. அதே ஆண்டு பிறந்த இன்னொருவர் இதை ஒரு கிராமத்துப் பள்ளியில் செய்தே காட்டினார். எனக்கு இவரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

செலெஸ்தேன் ஃப்ரெனே. தெற்கு பிரான்சில் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்தில் 1920 முதல் ஆசிரியர். முதல் உலகப் போரில் 1917-இல் நுரையீரலில் காயம் பட்டவர், நெடுநேரம் உரக்கப் பேசி வகுப்பெடுக்க முடியாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே உலாவப் போவார். திரும்பி வந்ததும் பார்த்ததை அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவார். நத்தைகளை ஓடவிட்டுப் பந்தயம் வைத்த கதை அவர் வகுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வது. ஆனால் கரும்பலகையில் எழுதியது மாலையில் அழிந்துவிடுகிறது. 1924-இல் ஒரு சிறு கை அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, தங்கள் கதையைத் தாங்களே அச்சடித்தார்கள். படத்துக்கு லினோ என்ற மெத்தென்ற தகட்டில் செதுக்கி அச்செடுத்தார்கள். தாள்கள் சேர்ந்து புத்தகமாயின. நாட்டின் மறுகோடியில், பிரிட்டனியில் உள்ள ஒரு பள்ளிக்குத் தபாலில் போயின, அங்கிருந்தும் வந்தன.

அந்தத் தபால்தான் விஷயம். மலைநாட்டுப் பிள்ளை எழுதியதைக் கடற்கரைப் பிள்ளை படிக்கப்போகிறது. அது நம் தோட்டத்தைப் பார்த்ததில்லை. விரலை நீட்டி "அதோ அது" என்று காட்டவும் முடியாது. எதைப் படமாகப் போடுவது, எதைச் சொல்லாக விளக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டே ஆக வேண்டும். எழுத்துப் பிழைக்கும் அப்போது ஒரு காரணம் கிடைக்கிறது: ஈயத்தில் தவறாகக் கோத்தால் அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அந்தத் தவறு பல்லிளிக்கும். "டீச்சர் திட்டுவார்" என்பதைவிட அது நல்ல காரணம்.

ஃப்ரெனேவின் கதையில் கசப்பும் உண்டு. பிறகு அவர் மாறிப்போன சென்-போல் என்ற ஊரில், ஒரு பிள்ளை தன் கனவை எழுதி அச்சிட்டது. கனவில் ஊர் மேயரைக் கொல்வது போல வந்திருந்தது. 1932-இல் அதை எடுத்துச் சுவரொட்டி ஒட்டி ஃப்ரெனேவுக்கு எதிராக ஊரையே கிளப்பிவிட்டார்கள். கடைசியில் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறி, 1935-இல் வான்ஸ் என்ற இடத்தில் தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளை உண்மையிலேயே எழுத விட்டால் அவர்கள் உண்மையிலேயே எதையாவது எழுதிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அது பிடிக்காமலும் போகலாம்.

நம் ஊர் நிலவரம்? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை இருந்தது, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்களுடைய தாள்கள் தொங்கின. அந்தக் கம்பிப் பந்தலை நான் இன்றும் உயர்வாக நினைக்கிறேன். வகுப்பே ஒரு பத்திரிகை போல இருந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மை எல்லாம் வைத்திருக்கிறார்கள். 2018 முதல் வந்த பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, அதில் காணொளி ஓடும். நல்லதுதான். ஆனால் பாட்டைப் பாடுகிறவரும் பொம்மையை ஆட்டுகிறவரும் காணொளி எடுத்தவரும் பெரியவர்கள். பிள்ளை பார்க்கிறது, கேட்கிறது, பயிற்சி நூலில் கட்டம் நிரப்புகிறது. கற்பிக்கிற பக்கம் பல வழி, பிள்ளை செய்கிற பக்கம் ஒரே வழி.

தனியார் பள்ளிகளில் வேறு கூத்து. 'புராஜெக்ட்' என்று ஒன்று வரும். அப்பா இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரிக் கடையில் சார்ட்டும் அச்சடித்த படத்தாளும் வாங்கி வருவார். அம்மா வெட்டி ஒட்டுவார். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் அது சுவரில் தொங்கும், கீழே பிள்ளையின் பெயர். நான் முதலில் அலங்காரம் என்றது இதைத்தான். அதில் படமும் சொல்லும் வண்ணமும் எல்லாம் இருக்கின்றன, பிள்ளை எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. இன்று ஏஐ-யிடம் சொல்லிப் படம் வாங்கி ஒட்டினாலும் இதே கேள்விதான். கால் இல்லாத ஆட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதா?

ஒரு எச்சரிக்கை. படம் வரைந்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொம்பும் காலும் சுழியும் யாராவது சொல்லிக்கொடுத்து, கை பழகித்தான் வரும். தினமும் பத்து நிமிடம் அதற்கென்று தனியாக ஒதுக்குங்கள், கதை நேரத்தில் அதைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள். உங்கள் மகளின் ஆசிரியர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒன்றரை வரி ஆறேழு வரியாக வேண்டியதுதான். அங்கே போவதற்கான பாதையைத்தான் அவர் அடைக்கப் பார்க்கிறார்.

வீட்டில் செய்வதற்கு ஒன்று. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் தூரத்துக்கு மட்டும் கத்தரியுங்கள். விரித்து நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால், ஊசி நூல் இல்லாமலே எட்டுப் பக்கப் புத்தகம். அட்டைக்கு இரண்டு பக்கம் போக ஆறு பக்கம் கதைக்கு. பெரிய தாள் பிள்ளையை மிரட்டும்; உள்ளங்கை அளவுப் பக்கம் மிரட்டாது.

அவள் வரையும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஆடு" என்று ஒரே சொல்லில் பதில் வந்து நின்றுவிடும். "இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் அவள் வாய்ச்சொல்லாகவே, 'வந்துருச்சு', 'கத்துச்சு' எல்லாம் அப்படியே எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அதிலிருந்து எது பலூனுக்குப் போக வேண்டும், எது கீழ் வரிக்கு வர வேண்டும், எது படத்திலேயே இருக்கிறது, எழுதவே வேண்டாம் என்று அவளே முடிவு செய்யட்டும். அவள் பக்கத்தில் உங்கள் பேனா படக் கூடாது. கீழ் வரியில் பிழை இருந்தால் சீட்டின் பின்புறம் சரியான சொல்லை எழுதிக் காட்டுங்கள், அவளே மாற்றிக்கொள்வாள். மாற்றாவிட்டாலும் உலகம் கவிழ்ந்துவிடாது.

அப்புறம் அந்தப் புத்தகத்தை வெளியூரில் இருக்கும் பாட்டிக்கோ அத்தைக்கோ தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒரு கட்டைவிரல்தான் பதிலாக வரும். தபாலில் போனால் பாட்டி போன் செய்து, "ஏன்டி, அந்தக் கடைசிப் பக்கத்துல ஒருத்தன் நிக்கிறானே, அவன் யாரு?" என்று கேட்பார். மகளுக்கு அப்போது தெரியும், அங்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்று.

ஆசிரியரிடம் மல்டிமோடல் என்றெல்லாம் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். இரண்டாவதோ மூன்றாவதோ புத்தகம் தயாரானதும் மகள் கையில் கொடுத்தனுப்பி, வகுப்பில் படித்துக் காட்ட ஐந்து நிமிடம் தர முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.